எதிர் பெஞ்ச்

அவர் கடைசியாக என்னைத் தொட்டது ஒரு விலைச்சீட்டுக்காக. புது ஸ்வெட்டரின் பின்கழுத்தில் அது தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மருந்துக்கடைச் சுவரோரமாக என்னை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"விலையைக் கழுத்துல கட்டிக்கிட்டு வர்றியே இன்ஸ்பெக்டர். சைக்கிளோட சேத்து உன்னையும் வித்துட்டு வந்திருப்பேன்."

"யாரு வாங்குவா?"

"அதான் யோசிக்கிறேன். சைக்கிளாவது மடங்கும்."

சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த இடத்திலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள். விற்கப் போகும் நாட்களில் அது எங்கள் விதி. சரியாகச் சொன்னால் என் விதி.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு நாட்களில் மடக்குச் சைக்கிள்களைச் சரிசெய்வார். கீல் ஆடிப்போனது, செயின் துருப்பிடித்தது, பிரேக் செத்தது என்று இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கி, பால்கனியில் பிரித்துப் பூட்டி, அதே இணையத்தில் விற்பார். அதில் என்ன லாபம் என்று கேட்டால் சைக்கிள் ஓடுகிறதே என்பார். எனக்குத் துணி உலர்த்த இடம் போனது.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். திருட்டு, வழிப்பறி, மோசடி என்று வரும் இழப்பீட்டு மனுக்களைப் படித்துக் குறிப்பெழுதும் வேலை. இன்ஸ்பெக்டர் என்று அவர் கூப்பிடுவது அதனால்தான். முப்பது வருஷமாக அதையே படிக்கிறவளுக்கு, கதவைத் தட்டுகிற யாரும் வெறும் ஆளாகத் தெரியமாட்டார்கள். தன் முதல் சைக்கிளை விற்றபோது அவர் முன்பின் தெரியாத ஒருவனுக்கு எங்கள் வீட்டு எண், மாடி, காலிங் பெல் வேலை செய்யாது என்பது வரை எழுதி அனுப்பிவிட்டு, ஏதோ நல்ல காரியம் செய்தவர் மாதிரி வந்து சொன்னார். மறுநாள் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். வீட்டுக்கு யாரையும் வரவழைக்கக் கூடாது. பகலில்தான் சந்திப்பது, அதுவும் ஆள் நடமாட்டமும் கேமராவும் இருக்கிற இடத்தில். நாம் வாங்குவதானால் சைக்கிளின் அடியில் பொறித்த எண்ணைப் பார்த்து, திருட்டுப் பொருள் இல்லை என்று உறுதி செய்த பிறகே பேச்சு. முன்பணம் கொடுக்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். பணம் அனுப்புகிறேன், இந்த இணைப்பைத் தொட்டு உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று எழுதுகிறவனுக்குப் பதிலே கூடாது.

அந்தக் கடைசி வரிக்கு மட்டும் அவர் அடங்கமாட்டார். அப்படி எழுதிய ஒருவனுக்கு, "தம்பி, உள்ள வர்ற பணத்துக்கு எதுக்குப்பா சாவி? கதவு திறந்துதான் இருக்கு, தைரியமா அனுப்பு" என்று பதில் போட்டுவிட்டு, அடுப்படியிலிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

தனித்தனியாக இருக்கும் விதி ஒரு மனுவிலிருந்து வந்தது. கணவனும் மனைவியுமாக ஒரு கேமராவை விற்கப் போயிருக்கிறார்கள். வாங்க வந்தவன் கத்தியை எடுத்திருக்கிறான். 'எங்கள் இருவரையும் ஒரே கத்தியால் நிறுத்திவைத்தான். ஆளைக் கூப்பிட யாரும் மீதி இல்லை' என்று அந்தப் பெண் தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்றே வீட்டுக்கு வந்து சொன்னேன்: இனிமேல் ஒருவர் விற்பது, மற்றவர் எட்டத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. ஆபத்து என்றால் அவர் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். நான் உடனே போன் செய்வேன், கத்துவேன், ஓடிவருவேன். கண்ணாடி முகத்தில் இருக்கிறவரை, என்ன நடந்தாலும் நான் அவருக்கு யாரோ. கிட்டே வரமாட்டேன், பேசமாட்டேன். வழியில் யார் கவனிக்கிறார்கள் என்று தெரியாது என்பதால் பஸ்ஸிலும் தனித்தனிச் சீட்டுதான்.

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு, என்னைத் தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு சட்டம் போட்டுட்டா" என்று தன் தம்பியிடம் புகார் சொன்னார். ஆனால் பதினோரு வருஷம் அந்தச் சட்டப்படி நடந்தார். அல்லது நடந்தார் என்று நினைத்திருந்தேன்.

ஷூ அவருடைய யோசனை. சைக்கிள் வாங்குகிறவர்கள் ஓட்டிப்பார்க்கக் கேட்பார்கள். கேட்பது நியாயம். ஆனால் ஓட்டிப்பார்க்கிறேன் என்று போய்த் திரும்பாதவர்களைப் பற்றி என் மேஜையில் தனி அடுக்கே இருந்தது. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அட்டை போலியா இருக்கும். போன் உடைஞ்சதா இருக்கும். கால் எல்லாருக்கும் அசல்தான்" என்றார். அன்றிலிருந்து யார் ஓட்டிப்பார்க்கக் கேட்டாலும் ஒரு கால் ஷூவைக் கழற்றித் தரச் சொல்வார். சிலர் முறைப்பார்கள், பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர் போன்ற ஒருவர், காலுறையில் பெருவிரல் எட்டிப்பார்க்க, முற்றத்தை மூன்று சுற்று சுற்றியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர்கூடத் திரும்பி வராமல் போனதில்லை.

சந்திப்பெல்லாம் பொது நூலகத்தின் முற்றத்தில்தான். வாசலில் கேமரா, அதன் கீழே காவலாளி. முற்றத்தின் இரண்டு பக்கத்திலும் எதிரெதிராக ஒவ்வொரு பெஞ்ச். நான் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு பக்கம் படித்து முடித்துத் திருப்பும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது. அடிக்கடி பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

விலைச்சீட்டை அறுத்த அன்று வந்தவர் ஒரு பேக்கரிக்காரர். முப்பது வயதிருக்கும். ரயிலில் ஏற்றிக்கொண்டு போக மடக்குச் சைக்கிள் வேண்டுமாம். பத்து மணிக்கு வந்தார். சைக்கிளை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி, அவருக்கு ஒருமுறை, தனக்காக ஒருமுறை என்று இவர் வழக்கம்போல நீட்டி விளக்கினார். பேக்கரிக்காரர் குனிந்து இடது ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

நிமிர்ந்தபோது இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷூ மடியில் இருந்தது. யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன குழந்தையை வைத்திருப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அடுத்த பக்கம். தலை குனிந்து மோவாய் மார்பில் பட்டிருந்தது. கண்ணாடி முகத்தில் இருந்தது.

என்னைச் சிரிக்கவைப்பதற்கென்றே அவர் ஏதாவது செய்வதுண்டு. ஒரு தடவை இதே பெஞ்சில், வாங்குகிறவர் வரத் தாமதமானபோது, வாயைத் திறந்து குறட்டைவிட்டுத் தூங்குவதுபோல நடித்தார். நான் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். அதனால் இதுவும் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தேன். அந்தப் பக்கத்தை முடித்தேன். நிமிர்ந்தேன், அப்படியே இருந்தார். இன்னொரு பக்கம் படித்தேன்.

பேக்கரிக்காரர் சுற்றி வந்து இறங்குவது கேட்டது. "பிரேக் சூப்பரா பிடிக்குது சார். சார்?" பிறகு, "சார்! சார்!"

நான் எழுந்துவிட்டேன். ஓடவில்லை, நடந்தேன். கண்ணாடியைக் கழற்றாதவரிடம் நான் எப்படிப் போவது என்று யோசித்தபடி நடந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காவலாளி எனக்கு முன்னால் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். நூலகத்திலிருந்து வெளியே வந்த நாலைந்து பேர் நின்றார்கள். காவலாளி சுற்றும்முற்றும் பார்த்தார்.

"யாராச்சும் கூட வந்திருக்காங்களா? ஏம்மா, உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

பதினோரு வருஷப் பழக்கம் வாயில் இருந்தது. கண்ணாடி இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுகிறேன் என்று, ஒற்றை ஷூவோடு, அதே சைக்கிளில் ஏறி மெயின் ரோட்டுக்கு விரைந்தார். ஆம்புலன்ஸ் பின்வாசல் வழியாக வந்தது. அவரைத் தூக்கிப் படுக்கவைத்தபோது, கூட யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். "நான்" என்றேன். யார் நீங்கள் என்றார்கள். "மனைவி" என்றேன். காவலாளி அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார், அவர் காதில் விழுந்திருக்காது. நாங்கள் அதே பின்வாசல் வழியாகவே போய்விட்டோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். கண்ணாடி, போன், பர்ஸ், வீட்டுச் சாவி, விலைச்சீட்டு. அவருடைய ஷூ இரண்டு. அவருடையதல்லாத இடது ஷூ ஒன்று.

"ஒரு செகண்ட்தான். அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். அப்படிச் சொல்வது அவருடைய வேலையில் ஒரு பகுதி. என் வேலையில் நானும் 'வருத்தப்படுகிறோம்' என்றுதான் கடிதத்தைத் தொடங்குவேன்.

காரியங்களுக்குக் கொழுந்தனார் வந்திருந்தார். எல்லாரும் போன பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்க பக்கத்துல இல்லையா அண்ணி?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அவரும் ஊருக்குப் போனார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பால்கனிக் கதவைத் திறந்தால் எண்ணெய் வாசனை வரும், அதனால் திறக்காமல் இருந்தேன். துணியைக் கூடத்தில் நாற்காலி முதுகுகளில் உலர்த்தினேன்.

நூலகத்துப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு அந்த இரண்டு பக்கங்களை மறுபடி படித்துப்பார்த்தேன், கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து. அன்று படித்த அதே வேகத்தில் படிக்க முயன்றேன். நாலு நிமிஷம். இன்னொரு முறை படித்தேன், மூன்றே முக்கால். அவர் தலை குனிந்ததை நான் பார்த்த கணத்திலிருந்துதான் இந்தக் கணக்கு. அதற்கு முன்னால் நான் பார்க்காத பக்கம் ஒன்று இருந்தது. அதில் அவர் நிமிர்ந்து என்னைத் தேடியிருக்கலாம். கை கண்ணாடி வரைக்கும் போய், தூக்க முடியாமல் விழுந்திருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. தெரிந்த ஒரே ஆள் சைக்கிளில் முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவர். அவருடைய பெயரோ போன் எண்ணோ எங்களிடம் கிடையாது. எல்லாப் பேச்சும் அந்த விற்பனைத் தளத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பதும் என் விதிதான்.

பதினோராம் நாள் அவருடைய போனைத் திறந்தேன். மூன்று செய்திகள் காத்திருந்தன.

முதலாவது அன்று மத்தியானம்: 'சார் எப்படி இருக்கீங்க? நான் திரும்பி வர்றதுக்குள்ள கொண்டு போயிட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு வாட்ச்மேனுக்கும் தெரியலை. சைக்கிள் என்கிட்ட பத்திரமா இருக்கு.'

இரண்டாவது மறுநாள்: 'சார், நல்லாயிட்டீங்களா? ஒரு வார்த்தை போடுங்க.'

மூன்றாவது நாலு நாள் கழித்து: 'சார், நான் திருடன் இல்ல. சைக்கிளை எங்க கொண்டுவந்து குடுக்கணும்னு சொல்லுங்க. ஓட்டாம வீட்ல நிறுத்தி வச்சிருக்கேன்.'

நான் எழுதினேன்: 'நான் அவருடைய மனைவி. அவர் அன்றைக்கே இறந்துவிட்டார். உங்கள் ஷூ என்னிடம் இருக்கிறது. உங்களை ஒருமுறை பார்த்துப் பேச வேண்டும்.'

அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் நான் அலுவலகத்தில் இருக்கும்போது வந்தது.

'அவர் போனது ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அவருக்கு மனைவி இல்ல. அவர் போனை எடுத்து வச்சிக்கிட்டு யாரோ பேசறீங்க. சைக்கிளை அவர் சொந்தக்காரங்ககிட்டதான் குடுப்பேன்.'

மேஜை மேல் மனுக்களை வைத்துக்கொண்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்தவர் கணக்கிலிருந்து ஒரு செய்தி, பார்த்துப் பேச வேண்டும் என்கிறது. என்னிடம் வந்திருந்தால் நானும் இதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் மனைவி இல்லை என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார் என்பது மட்டும் விளங்கவில்லை.

ஷூவைப் படம் எடுத்து அனுப்பினேன். பழுப்பு நிறம், இடது கால், கயிற்று ஓட்டைகளில் மாவு வெள்ளையாக உறைந்திருந்தது. உள்ளே தேய்ந்த இடத்தில் கேக் பெட்டி அட்டையை வெட்டிப் போட்டிருந்தார்.

'ஷூவை ஆஸ்பத்திரில யாரு வேணா எடுத்திருக்கலாம்' என்று பதில் வந்தது.

'சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடலுக்கு அடியில் ஒரு எண் இருக்கும்' என்று எழுதி, எங்கள் நோட்டில் குறித்திருந்த பத்து இலக்கத்தையும் அனுப்பினேன். வாங்குகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதைக் குறித்துவைப்பது என் வேலை.

கொஞ்ச நேரம் கழித்து: 'எண் சரியா இருக்கு.'

பிறகு: 'ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. அதே லைப்ரரி. கேமராவுக்கு நேரா நிக்கணும். எங்கூட ஆள் இருக்கும், எங்க இருக்கும்னு சொல்லமாட்டேன்.'

அவர் போன பிறகு நான் முதல்முதலாகச் சிரித்தது அதற்குத்தான். காட்ட ஆள் இல்லை. போனை மூடிவைத்துவிட்டு அடுத்த மனுவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எந்தச் சீட்டில் உட்காருவது என்று ஒரு கணம் குழம்பிப்போனேன். ஷூ ஒரு துணிப்பையில் மடியில் இருந்தது. நூலகத்தில் என் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். பத்திரிகையை விரித்து, அதற்கு மேலாக என்னையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. இப்படியா காவல் இருப்பது என்று எனக்கு இருந்தது. நான் போய் அவருடைய பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பேக்கரிக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்களா?"

"நான்தான்."

"அன்னிக்கு வாட்ச்மேன் கேட்டாரே. என் முன்னாலதான் கேட்டாரு. தெரியாதுன்னீங்களே!"

"சொன்னேன்."

"அதெப்படிங்க? இப்ப வந்து மனைவின்னா..." சைக்கிளைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகம், மனு, கத்தி, கண்ணாடி, தனித்தனிச் சீட்டு. சொல்லச் சொல்ல எனக்கே அது யாரோ பயந்தாங்கொள்ளிகளின் கதையாகக் கேட்டது. கைப்பிடியில் இருந்த அவருடைய கை மெதுவாகத் தளர்ந்தது. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"அவர் சொன்னாரும்மா" என்றார்.

"என்ன சொன்னார்?"

"ஷூவைக் கழட்டிக் குடுத்தேனா, அப்ப சொன்னாரு. 'எதிர் பெஞ்சுல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒரு அம்மா படிக்கிறாங்க பாரு, நேராப் பாக்காத, அதான் என் வீட்டுக்காரி. நான் விட்டாலும் அவ உன்னை விடமாட்டா. ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதப்பா. பாவம், ரொம்ப சிரத்தையா நடிக்கிறா. அவ மனசு நோகக் கூடாது'ன்னாரு. அதுக்குத்தான் சிரிச்சோம்."

நான் எதிர் பெஞ்சைப் பார்த்தேன்.

"அப்புறம் நீங்க தெரியாதுன்னதும் எனக்கு ஒண்ணும் புரியலை. சரி, மனுஷன் தனியா இருக்காரு, எங்கிட்ட பயத்துக்கு யாரையோ காட்டி மனைவின்னு அளந்திருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன். அதனாலதாம்மா அப்படி எழுதினேன். மன்னிச்சுக்குங்க."

சைக்கிள் வாங்கிப்போனவர்கள் பலபேர், போகும்போது என் பெஞ்சைத் தாண்டுகையில் லேசாகத் தலையசைப்பார்கள். புத்தகம் படிக்கிறவளுக்கு மரியாதை காட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெருவிரல்காரர்கூட, வணக்கம் வைத்துவிட்டுத்தான் போனார். பதினோரு வருஷத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். அத்தனை பேரும் ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கேட்க வந்ததைக் கேட்டேன். "நீங்க சுத்திக்கிட்டிருக்கும்போது அவரைப் பாத்தீங்களா? என்னைப் பாத்தாரா? கையைத் தூக்கினாரா? கண்ணாடிகிட்ட கை போச்சா?"

முற்றத்தைப் பார்த்தபடி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.

"மொத ரவுண்டு வரும்போது நல்லா இருந்தாரு. ஷூவை இப்படித் தூக்கி ஆட்டிக் காட்டினாரு. நானும் கையை ஆட்டினேன். அப்புறம் அந்த மரத்துக்குப் பின்னால போயிட்டேன். ரெண்டாவது ரவுண்டு வரும்போது தலை தொங்கியிருந்திச்சு."

"நடுவுல?"

"நடுவுல மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தேம்மா. பாக்கலை."

"சரி."

"இல்ல, சரியில்ல." அவருடைய குரல் உடைந்தது. "ரெண்டாவது ரவுண்டுலயே நிறுத்தியிருக்கணும். தூங்குறாருன்னு நெனச்சேன். வயசானவரு, வெயிலு இதமா இருக்கு, தூங்கட்டும்னு மூணாவது ரவுண்டும் போனேன். கியர் மாத்திப் பாக்கலாம்னு. பதினஞ்சு நாளா அதான் ஓடுது. கியர் மாத்திப் பாத்தேன் பாருங்க."

கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டார். எதிர் பெஞ்சிலிருந்த பெண் பத்திரிகையை எறிந்துவிட்டு முற்றத்தைக் கடந்து ஓடிவந்தாள்.

"டேய்! என்னடா பண்ணாங்க உன்னை? ஏங்க, என்னங்க சொன்னீங்க என் தம்பியை? போலீசைக் கூப்பிடவா?"

"அக்கா, சும்மா இரு."

"அழுவுறியேடா!"

"நான் கண்ணாடியைக் கழட்டுனேனா? இல்ல... நான் கூப்பிட்டேனா உன்னை? அங்கயே இருன்னுதானே சொன்னேன்?"

"நீ அழுவுறப்ப நான் என்னத்தடா அங்க உக்காந்து பேப்பர் படிக்கிறது?"

அவள் மூச்சிரைக்க எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். கையில் போன், விரல் எண்களின் மேல். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்ததிலிருந்து இங்கே வந்து நின்றது வரை ஐந்தாறு நொடிகூட ஆகியிருக்காது. நான் பதினோரு வருஷம் படித்துப் படித்துச் செய்த காரியத்தை அவள் ஒரே நாளில் தப்பாகச் செய்துவிட்டாள்.

"ஒரு செகண்ட்தான்னு டாக்டர் சொன்னார்" என்றேன் அவளுடைய தம்பியிடம். "ரெண்டாவது ரவுண்டுல நீங்க நிறுத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. அவருக்கே தெரிஞ்சிருக்காதாம்."

"நெசமாவா?"

"டாக்டரே சொன்னார்."

அவர் அதை நம்பினார். நம்பியது முகத்தில் தெரிந்தது. டாக்டர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

துணிப்பையைக் கொடுத்தேன். ஷூவை வெளியே எடுத்துப் பார்த்தார். வலதுகால் ஷூ வீட்டில் இருக்கிறதாம். போலீஸ் வந்து கேட்டால் சாட்சிக்கு ஆகும் என்று அக்கா அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறாளாம். "பின்ன, ஒத்த ஷூ எப்படிப் போச்சுன்னா என்னன்னு சொல்றது?" என்றாள் அவள், இன்னும் என்மேல் முழு நம்பிக்கை வராமல். சைக்கிளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், விற்க வந்ததுதானே என்றேன். பேசிய தொகையை ஒரு கவரில் கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன்.

"மடக்கத் தெரியுமா?" என்றேன்.

"சார் ரெண்டு தடவை காட்டினாரு." குனிந்து மடக்கிக் காட்டினார். கீல் சத்தமில்லாமல் மடங்கியது. அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "கனக்கவே இல்லையேடா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குத் துணைக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டாள்.

முன்பின் தெரியாதவர் அப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அலமாரித் தாளில் இருந்தது. ஆள் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"யாரும் இல்லை" என்றேன்.

அவள் என் தோளில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு எடுத்தாள். இரண்டு பேரும் சைக்கிளை நடுவில் பிடித்துக்கொண்டு, ஏதோ வாதாடியபடி மெயின் ரோட்டுப் பக்கம் போனார்கள்.

காவலாளி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவரும் அசைத்தார்.

முற்றம் காலியாக இருந்தது. எழுந்து எதிர் பெஞ்சுக்கு நடந்தேன், வழக்கமாக நான் நடக்கிற நடையில். அவள் எறிந்த பத்திரிகையை எடுத்து மடித்து வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால், அந்த மரம் இந்த இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவில் வரவே வராது. எழுந்து, அவருடைய பெஞ்சுக்குத் திரும்ப நடந்தேன். இந்தத் தடவை எண்ணிக்கொண்டு. சரியாக எண்ணினேனா என்று சந்தேகம் வந்து, மறுபடியும் போய், மறுபடியும் வந்தேன்.

பெஞ்சுகள் இரண்டும் கால்களைச் சிமெண்டில் புதைத்துப் போட்டவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இருபத்தாறு காலடி.